பழைய ரூட்டரை இணைத்ததும் அமைப்புப் பக்கம் குழம்புவது ஏன்?

பழைய ரூட்டரை முதன்மை ரூட்டருடன் கேபிளில் இணைத்த பிறகு 192.168.1.1 என்ற முகவரி எந்த ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கிறது என்றே தெரியவில்லை, சில கருவிகளுக்கு இணையமும் வரவில்லை என்கிறீர்கள். இரண்டு ரூட்டர்களுக்கும் அதே முகவரி இருப்பதுதான் காரணம். போதாததற்கு இரண்டுமே டிஎச்சிபி (தானாக முகவரி வழங்கும் வசதி) வழியாகக் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கின்றன. ஒரே வீட்டு எண்ணை இரண்டு வீட்டுக்கு எழுதியது போன்ற நிலை.

முதலில் இணைப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியைப் பழைய ரூட்டரில் மட்டும் செருகுங்கள். அதன் லேன் (LAN, வீட்டுக்குள்ளான வலையமைப்பு) முகவரியை 192.168.1.2 என மாற்றிச் சேமியுங்கள். பக்கம் அறுந்துபோகும், பயப்பட வேண்டாம். புதிய முகவரியில் மறுபடி நுழையலாம். அப்புறம் டிஎச்சிபியை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம். முதன்மை ரூட்டர் வழங்கும் முகவரி வரம்புக்குள் அந்த 192.168.1.2 வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளை மறுபடி இணைக்கும்போது பழைய ரூட்டரின் வேன் (WAN, வெளி இணைய இணைப்புக்கான) துளையில் செருகாதீர்கள். இரண்டு பக்கமும் லேன் துளைதான். பலர் தடுமாறுவது இங்கேதான்.

சரி, வைஃபை? பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்; கைபேசி தானே மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் வேறாக வேண்டும்: ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

உங்கள் பழைய ரூட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறை (வைஃபை மட்டும் தரும் முறை) இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். டிஎச்சிபியை அதுவே அணைத்துவிடும்.