பம்ப் வாங்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கரூர் பக்கம். மகனுக்கு வயது 12, ஏழாம் வகுப்பு படிக்கிறான். எட்டு வயதில் திடீரென்று மெலிந்து, ராத்திரியெல்லாம் சிறுநீர் போய், ஒருநாள் மயங்கி விழுந்தபோதுதான் டைப் 1 சர்க்கரை என்று தெரிந்தது. கலங்கலாக இருக்கும் ஒரே இன்சுலினைக் காலையும் இரவும் போடுகிறோம். பெரியாஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். போன மாதம் பார்த்த மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 9.4. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, அவன் கழுத்தைத் தொட்டு வியர்த்திருக்கிறதா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. சீனாவில் ஒரு பெண்ணுக்கு இதைக் குணமாக்கிவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் வீடியோ அனுப்புகிறார்கள். ஒரு வைத்தியரிடம் போனால் இன்சுலினையே நிறுத்திவிடலாம் என்கிறார் மாமியார். சென்சார், பம்ப் எல்லாம் வந்திருக்கிறதாமே? கணவர் டெக்ஸ்டைலில் வேலை பார்க்கிறார். பம்புக்காக நகையை அடகு வைக்கலாமா, இல்லை நிரந்தர மருந்து வரும்வரை பொறுக்கலாமா? மகன் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றும் இருக்கிறது: "நான் பெரியவனாகும்போது ஊசி இருக்காதா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். உடம்பில் மாட்டிக்கொண்டால் குழாய் வழியாக இன்சுலினைச் செலுத்திக்கொண்டே இருக்கும் பம்ப் நல்ல கருவிதான். ஆனால் அது உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஏற வேண்டிய சில படிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. அதற்கு வருகிறேன்.

முதலில் அவசரமான விஷயம். இன்சுலினை நிறுத்தலாம் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பேர் வாங்கியவராக இருந்தாலும், தம்பியை அங்கே கூட்டிப்போகாதீர்கள். நாற்பது ஐம்பது வயதில் வரும் சர்க்கரையும் உங்கள் மகனுடையதும் பெயரளவில்தான் ஒன்று. பெரியவர்களுக்கு இன்சுலின் சுரக்கும். உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. எடையைக் குறைத்து மாத்திரையைக் குறைத்தவர்கள் அங்கே உண்டு. தம்பியின் உடம்பில், கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் கணையத்தின் பீட்டா செல்களையே தாக்கிவிட்டது. இன்சுலின் சுரக்க வேண்டிய செல்களே ஏறக்குறைய இல்லாத உடம்பு அது. அவன் மிட்டாய் தின்றதாலோ, நீங்கள் கர்ப்பத்தில் இனிப்பு சாப்பிட்டதாலோ வந்ததல்ல. நீங்கள் இதைக் கேட்கவில்லைதான். ஆனால் இந்த நோயோடு பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்களில் பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், சிலர் கணவர் எழுந்து வெளியே போன பிறகு.

இன்சுலின் நின்றால் ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல், வாயில் பழ வாடை, பிறகு மயக்கம். எட்டு வயதில் நீங்கள் பார்த்தது அதுதான். காய்ச்சல் வந்து சாப்பிடாமல் படுத்திருக்கும் நாளில்கூட இன்சுலின் வேண்டும். அளவு மாறலாம், நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. நானும் பாட்டி வைத்த கஷாயம் குடித்து வளர்ந்தவன்தான். மாமியாரிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள்: நூறு வருடத்துக்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளை உலகத்தில் எந்த வைத்தியத்தாலும் காப்பாற்ற முடியவில்லை. பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் ஆயுளை இழுத்தார்கள். 1922 ஜனவரி 11ஆம் தேதி கனடாவின் டொரண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி 12 நாள் கழித்துப் போட்டபோது சர்க்கரை இறங்கியது. பிழைப்பானா என்றிருந்த பையன் அதற்கப்புறம் 13 வருடம் இருந்தான்.

இனி அந்த வீடியோ. அதில் வருவது பொய்யில்லை. சீனாவின் தியான்ஜின் நகரில் 2023 ஜூனில், 25 வயதுப் பெண் ஒருவரின் உடம்பிலிருந்தே செல்களை எடுத்து, ரசாயன முறையில் ஸ்டெம் செல்லாக, அதாவது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்லாக மாற்றி, அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து, அவர் வயிற்றுச் சுவரில் வைத்தார்கள். 75 நாளில் ஊசி நின்றது. ஒரு வருடம் தாண்டியும் ஊசி தேவைப்படவில்லை என்று 2024 செப்டம்பரில் ஆய்வேட்டில் எழுதினார்கள். வீடியோவில் சொல்லாமல் விடுவது எது என்றால், அந்தப் பெண் அதற்கு முன்பே கல்லீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை இல்லாமல் இருந்தால் புதிய செல்கள் தாக்குப்பிடித்திருக்குமா என்பதை அவரை வைத்துச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் வெர்டெக்ஸ் நிறுவனம் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாக ஏற்றியது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருட முடிவில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். 2025 ஜூனில் வந்த செய்தி. லோ சுகர் வருவதே தெரியாமல் மயங்கி விழும் பெரியவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். அவர்களும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மருந்து என்றால் அடிக்கடி தொற்று, சிறுநீரகத்துக்குக் கேடு, பிற்காலத்தில் புற்றுநோய் பயம். ஊசியைக் கொடுத்துவிட்டு இதை வாங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

என் கண்ணுக்கு இந்த எல்லாவற்றிலும் பெரிய செய்தி ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து வந்தது. எதிர்ப்புச் சக்தியின் கண்ணுக்குப் படாதபடி மரபணுவை மாற்றிய செல்களை ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள். அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. செல்கள் அழியாமல் இருந்து இன்சுலின் சுரந்தன. வைத்தது கொஞ்சமே என்பதால் அவருக்கு ஊசி நிற்கவில்லை. ஆனால் நாங்கள் பல வருடமாக முட்டிக்கொண்டு நின்ற சுவரில் அது ஒரு வாசல். தம்பியின் வயதுக்கு இந்த வழியில் நிச்சயம் நம்பிக்கை வைக்கலாம். இத்தனையாவது வருடம் வரும் என்று நான் தேதி போட மாட்டேன். போடுகிறவர்களை நம்பவும் வேண்டாம். முக்கியமாக, இப்போதே பணம் வாங்கிக்கொண்டு சர்க்கரைக்கு ஸ்டெம் செல் ஏற்றுகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடத்தில் கால் வைக்காதீர்கள். நம் நாட்டில் முறையான ஆய்வுக்கு வெளியே அதற்கு அனுமதி கிடையாது.

"பொறுத்திருக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. வருகிற வைத்தியம் நல்ல சிறுநீரகத்தோடு இருப்பவருக்குத்தான் முதலில் கிடைக்கும். இந்த ஆய்வுகளில் ஆள் சேர்க்கும்போதே அதைப் பார்க்கிறார்கள். 1983இலிருந்து 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 உள்ள 1,441 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று மாத சராசரி 7ஐ ஒட்டி இருந்தது, இன்னொன்றுக்கு 9ஐ ஒட்டி. கண்ணில் பாதிப்பே இல்லாமல் சேர்ந்தவர்களில், 7 பக்கம் இருந்தவர்களுக்குப் புதிதாகப் பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் அதே திசையில்தான் பலன். தம்பியின் 9.4 எந்தப் பக்கம் என்று பாருங்கள். பயமுறுத்த இதை எழுதவில்லை. தோலில் ஒட்டிக்கொண்டால் சர்க்கரையை விடாமல் காட்டும் சென்சார் அன்று அவர்களிடம் இல்லை. விரலில் குத்திப் பார்த்தும், ஊசியை அடிக்கடி போட்டும், சிலர் அந்தக் காலத்துப் பம்பை வைத்தும்தான் 7க்கு வந்தார்கள்.

முதல் படி, இன்சுலின் முறையை மாற்றுவது. நீங்கள் சொல்கிற கலங்கலான மருந்து, உடனே வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த 30/70 ரகமாக இருக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு அது பொருந்தாத சட்டை. ஒருநாள் அரை தோசை, மறுநாள் ஐந்து தோசை சாப்பிடுகிற வயது. மருந்தோ இரண்டு நாளும் ஒரே அளவு. இன்னொன்றும் சொல்கிறேன். இரவு எட்டு மணிக்குப் போட்டால், அதில் உள்ள மெதுவான பகுதி வலுவாக வேலை செய்யும் நேரம் கிட்டத்தட்ட நள்ளிரவுக்குப் பிறகுதான். இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது வெறும் தாய்ப் பயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நேரத்தில் பயப்படக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் மூன்று வேளை ஒன்று, நாள் முழுக்க அடியில் ஓட இன்னொன்று என்று நான்கு ஊசி முறைக்கு மாற்ற முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். கூடவே, எவ்வளவு சாதத்துக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போடவும் உணவு ஆலோசகரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்புப் பையனுக்கு அந்தக் கணக்கு பெரிதில்லை, நம்மைவிட வேகமாகப் போடுவான்.

இரண்டாவதற்குக் காசே வேண்டாம். இன்றைக்கு ராத்திரி அவனைப் படுக்க வைத்து, ஊசி போடும் இடங்களை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். தொப்புளுக்கு இரண்டு பக்கமும், தொடையிலும், தோலுக்கு அடியில் ரப்பர் மாதிரி மெத்தென்ற வீக்கம் தட்டுப்படலாம். பிள்ளைகள் அங்கேயேதான் திரும்பத் திரும்பக் குத்துவார்கள், ஏனென்றால் அங்கே வலிக்காது. அந்த வீக்கத்துக்குள் போகும் இன்சுலின் ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. காரணமே இல்லாமல் சர்க்கரை ஆடும் எத்தனையோ பிள்ளைகளிடம் நான் கண்டது இதுதான். அந்த இடங்களுக்குச் சில மாதம் ஓய்வு கொடுங்கள். புது இடத்தில் போட ஆரம்பிக்கும்போது மருந்து நன்றாக ஏறி லோ ஆகலாம் என்பதால், அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

அடுத்து சிரிஞ்சு. குப்பியில் 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்று போட்டிருந்தால் ஆரஞ்சு மூடி. 40 குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். மாற்றிச் செய்தால், 20 போட நினைத்து 50 போட்டுவிடுவோம். அது உயிருக்கே ஆபத்து. மருந்துக் கடையில் சிவப்பு இல்லை, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றால் வாங்காதீர்கள்.

கரூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் இருந்தால் கதவுப் பக்கம் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் வீண். கரண்ட் போகும் நாளில், பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, குப்பியை அதில் வைத்து ஈரத்துணியால் மூடினால் போதும்.

சர்க்கரை பார்ப்பதற்கு ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நாளைக்கு நான்கு முறை என்றால் மாதம் 2,400. சுமைதான். ஆனால் நகையை எதற்காவது அடகு வைத்தே தீர வேண்டும் என்றால் நான் இதற்குத்தான் சொல்வேன். ஸ்ட்ரிப் இலவசமாகக் கிடைக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள். கேட்காமல் விட்டவர்கள் நிறைய.

சென்சாரை நீங்கள் சொந்தமாக, வருடம் முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. 14 நாள் ஓடும் ஒன்று ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது. வருடம் முழுக்க என்றால் 26 வேண்டும், லட்சம் தாண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, டாக்டரைப் பார்க்கப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒன்று ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். சென்சார் ஒட்டிய கையை அவன் அழுத்திப் படுத்தால் பொய்யாக லோ காட்டும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள்.

உங்கள் கை அவன் கழுத்தில் செய்யும் வேலையைத்தான் இந்தக் கருவிகள் செய்யப் பார்க்கின்றன. அமெரிக்காவில் 2013 வாக்கில், டைப் 1 உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர், "நாங்கள் காத்திருக்கப் போவதில்லை" என்று சொல்லி, சென்சார் எண்ணைத் தங்கள் போனிலேயே பார்க்க வழி செய்தார்கள். சென்சாரைப் பார்த்துப் பம்ப் தானாகவே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் முதல் கருவிக்கு 2016இல் அங்கே அனுமதி கிடைத்தது. அந்த வகைப் பம்ப் இந்தியாவிலும் விற்கிறது. பிரிட்டனில் அரசாங்கச் செலவிலேயே தகுதியுள்ளவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் அப்படிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. இங்கே இன்னும் கருவிக்கே லட்சக்கணக்கில் ஆகும். அதோடு முடிவதில்லை: இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றும் குழாய், சென்சார் என்று மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே சர்க்கரை எகிறும், ஏனென்றால் அதில் இருப்பது வேகமான இன்சுலின் மட்டும்தான். கடன் வாங்கிப் பம்ப் வாங்கி, ஆறாவது மாதம் குழாய்க்குக் காசில்லாமல் அலமாரியில் வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மாதச் செலவைத் தாங்க வழி பிறந்தால், அப்போது எனக்கு எழுதுங்கள், நானே வாங்கச் சொல்வேன்.

இனி தம்பிக்கு.

கண்ணா, நீ பெரியவனாகும்போது ஊசி இருக்காது என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. இன்றைக்குப் போடுகிற மாதிரி இருக்காது என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன். பாகிஸ்தான் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரம் தெரியுமா? 1997இல் உனக்கு இருக்கிற அதே டைப் 1 அவருக்கு வந்தது. அதற்கப்புறமும் இன்சுலின் போட்டுக்கொண்டே பந்து வீசினார். 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500ஆவது விக்கெட்டை எடுத்தார், அதுவரை யாரும் எடுக்காதது. அதனால் விளையாடாமல் உட்காராதே. கிரவுண்டுக்குப் போகும் முன் சர்க்கரை பார். கை நடுங்கினால், வியர்த்தால், எரிச்சலாக வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் போடு. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார். 70க்கு மேலே வரவில்லை என்றால் இன்னொரு மூன்று ஸ்பூன். பையில் ஒரு பாக்கெட், பி.டி. சாரிடம் ஒரு பாக்கெட்.

ஊசி போடும் இடத்தைக் கடிகார முள் மாதிரி சுற்றிச் சுற்றி மாற்று. அடுத்த மூன்று மாத சராசரி எவ்வளவு வந்தது என்று நீயே எனக்கு எழுது.