முகராசி பிறவிச் சொத்தா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர். வேலையில் என்னைவிடக் கெட்டி என்று சொல்ல முடியாது. ஆனால் மீட்டிங்கில் அவர் வாயைத் திறந்தால் மேனேஜர் தலையாட்டுகிறார். அதே விஷயத்தைப் பத்து நிமிடம் முன்னால் நான் சொல்லியிருப்பேன், யார் காதிலும் விழுந்திருக்காது. இந்த வசீகரம் பிறவியிலேயே வருவதா, கற்றுக்கொள்ள முடியுமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: அந்தப் பத்து நிமிட எரிச்சல் எனக்கும் பழக்கம்தான், அதனால் நான் உங்கள் கட்சி. பிறவியில் வருவது கொஞ்சம் உண்டு, மறுப்பதற்கில்லை. உயரம், குரல், பார்த்தவுடன் பிடித்துப்போகிற முகம், கூச்சமில்லாத சுபாவம், இதெல்லாம் சிலருக்கு இலவச இணைப்பாகவே வந்துவிடுகிறது. மிச்சத்தைச் சம்பாதிக்கத்தான் வேண்டும்.

காந்தியைப் பாருங்கள். லண்டனில் படித்தபோது சைவ உணவுக்காரர்கள் கூட்டத்தில், எழுதி வைத்திருந்த சின்ன உரையைக்கூட வாசிக்க முடியாமல் கண் மங்கி நின்றவர். 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பி வந்து, பம்பாயில் ஒரு சின்ன கோர்ட்டில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். இந்த ஆளைப் பார்த்து அன்றைக்கு யாராவது ‘முகராசிக்காரர்’ என்று சொல்லியிருப்பார்களா?

அதே மனிதர் 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி வைத்து, வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றிப் பேசுகிறார். தன் வாழ்க்கையின் முதல் மேடைப்பேச்சு என்று அவரே குறிப்பிடுவது அதைத்தான். குரல் மாறவில்லை, முகம் மாறவில்லை. சொல்ல ஒரு விஷயம் இருந்தது, நன்றாகத் தயாரித்துக்கொண்டு போனார், அது எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் விஷயமாகவும் இருந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ஆங்கிலம் கற்றுத்தருகிறேன் என்றார். மூன்று பேர் முன்வந்தார்கள்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர். நீங்கள்தான் எங்கள் இடத்துக்கு வர வேண்டும் என்று நிபந்தனை வேறு! பாரிஸ்டர் போனார். அவர்கள் வேலையில் மூழ்கியிருந்தாலும் பொறுமையாக இருந்து சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அவர் பின்னால் போனதற்கு விதை இந்த மாதிரி இடங்களில்தான் விழுந்தது என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் மீட்டிங்குக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அன்டோனாகிஸும் அவருடைய சகாக்களும் மேலாளர்கள் சிலருக்குப் பேச்சில் வசீகரம் கூட்டப் பயிற்சி கொடுத்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உவமை சொல்வது, குட்டிக்கதை சொல்வது, மூன்று மூன்றாக அடுக்குவது, கேள்வியைப் போட்டுவிட்டு நிறுத்துவது, குரலையும் கையையும் அதற்கேற்ப அசைப்பது என்று உத்திகள். பயிற்சிக்குப் பிறகு அவர்களுடைய வசீகரத்துக்கு மற்றவர்கள் கொடுத்த மதிப்பெண் ஏறியிருந்தது. (நம் ஊர்ப் பட்டிமன்றக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.) நீங்கள் சொல்லிவிட்டு ஒரு விநாடி நிறுத்துகிறீர்களா, அல்லது தரையைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறீர்களா? நேர்மையாக யோசித்துப் பாருங்கள். அப்புறம் அந்த நண்பர் கேண்டீனில் எத்தனை பேரிடம், ‘அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா?’ என்று விசாரிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். உங்கள் பத்து நிமிடத்துக்குப் பதில் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: குரல் கரகரப்பாக இருந்தால் கூட்டத்தைக் கவர முடியாதா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: 1967 ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததில் எம்.ஜி.ஆரின் குரல் கெட்டுப்போனது. அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான் முதலமைச்சரானார். 1984 தேர்தலில் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஜெயித்தார். வசீகரம் தலைவனிடம் இருப்பதாகப் பின்னால் நிற்பவர்கள் நம்பும்வரைதான் செல்லும் என்று ஜெர்மன் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர் எழுதினார், இதைவிடப் பொருத்தமான உதாரணம் அவருக்கே கிடைத்திருக்காது. ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பல வருட சினிமா முதலீடு இருந்ததையும் மறந்துவிடாதீர்கள். 1936-இல் சின்ன வேடத்தில் தொடங்கியவர் கதாநாயகனாக வர 1947 ஆயிற்று. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது தம்பி.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் யாரிடமும் கலகலப்பாகப் பேசுவதில்லை. பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்பில் சேர்க்கட்டுமா?
– ஒரு அம்மா, மதுரை

பதில்: வாரா வாரம் மேடையேற்றிப் பேச வைக்கிற வகுப்பு என்றால், அவனும் சம்மதித்தால், சேருங்கள். கைகுலுக்கவும் டை கட்டவும் சொல்லித்தருகிற இடமென்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். எதுவாக இருந்தாலும், விருந்தாளி வரும்போதெல்லாம் ‘மாமாகிட்ட ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசிக் காட்டு’ என்று அவனைக் கூடத்துக்கு இழுத்து வந்து நிறுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள் அம்மா.