தோட்டக்காரர் கேள்வி பதில்: செம்பனையும் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றிக் காடாகக் கிடந்த மேடெல்லாம் இப்போது சீஓன் தோட்டம். முன்பு பங்குனி வரை தண்ணீர் தந்த கோயில் கிணறு தைப்பூசத்துக்குள் அடி தெரிகிறது. மழை குறைந்த மாதிரி இல்லை. மரம்தான் உறிஞ்சிவிடுகிறது என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், போக்பியின்

பதில்: பாதிதான் உண்மை. சீஓன், அதாவது பாமாயில் தரும் செம்பனையை, 9 மீட்டர் முக்கோணமாக நட்டால் ஏக்கருக்கு 58 மரம் வரும். ஒரு மரத்தின் பங்கு சுமார் 70 சதுர மீட்டர். வளர்ந்த தோட்டம் நாளுக்கு 4 மி.மீ. நீரை ஆவியாக வெளியே விடுகிறது என்று வைத்தால் மரத்துக்கு 280 லிட்டர். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் மழைக்காடும் ஏறக்குறைய அந்த அளவு குடிப்பதுதான். மியன்மாவின் தெற்கே நம் தனிந்தாயிக் கரையில் வருடத்துக்கு 4,000 மி.மீ. அளவில் மழை கொட்டுகிறது. 4 மி.மீ. கணக்கில் அது 1,000 நாளைக்குக் காணும்!

சிக்கல் டிசம்பர் முதல் மார்ச் வரை. அந்த 120 நாளும் மரம் கேட்கும் 480 மி.மீ., மண் சேர்த்து வைத்ததிலிருந்துதான் வரவேண்டும். உங்கள் கிணறும் அதே இருப்பைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே மரம் எவ்வளவு குடித்தது என்பதோடு, ஆடி ஆவணியில் பெய்தது மண்ணுக்குள் இறங்கியதா என்றும் கேட்க வேண்டும். சுமத்ராவில் ஜம்பி வட்டாரத்து மக்களும் இதே குறையைச் சொன்னார்கள். அங்கே அளந்து பார்த்ததில், தோட்ட மண்ணில் நீர் இறங்கும் வேகம் காட்டு மண்ணைவிட மிகக் குறைந்து, மேலே வழிந்தோடுவது கூடியிருந்தது. காட்டு மண் சருகும், வேர்த்துளையும், மண்புழு வளையுமாகப் பொலபொலவென்று இருக்கும். புல்டோசர் ஏறி, பிறகு குலை வெட்டுகிறவர்கள் தள்ளுவண்டியோடு வருடக்கணக்கில் ஒரே தடத்தில் நடந்தால் அது தரை போட்டது போல் இறுகிவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். 15 செ.மீ. விட்டமுள்ள தகர டின்னின் மூடியையும் அடியையும் வெட்டி எடுத்து, 5 செ.மீ. ஆழம் மண்ணில் இறக்குங்கள். 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள், உள்ளே 2.5 செ.மீ. உயரம் நிற்கும். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும். இரண்டாவது ஊற்றுக்குத்தான் கடிகாரம் பார்க்க வேண்டும். மட்டை அடுக்கிய இடம், மரங்களுக்கு நடுவெளி, குலை வெட்டும் பாதை மூன்றிலும் செய்யுங்கள். அரை மணிக்கு மேல் நீர் நின்றால் அந்த இடம் மணிக்கு 5 செ.மீ. மழையைக்கூட வாங்காது. பெருமழையில் மிச்சம் அத்தனையும் ஓடைக்குத்தான்.

பெரும்பாலும் மட்டைக்கு அடியில்தான் நீர் சட்டென இறங்கும். ஒரு மரத்திலிருந்து வருடத்துக்கு 20 முதல் 24 மட்டை விழுகிறது. தயவுசெய்து அதை எரிக்காதீர்கள். சரிவுக்குக் குறுக்காக அடுக்குங்கள். முள்ளுள்ள அடிமட்டையை நறுக்கி அடுக்கின் நடுவில் தள்ளிவிட்டால் யார் காலிலும் குத்தாது. ஆலையிலிருந்து வெறுங்குலை (பழம் உதிர்த்த குலை) கிடைத்தால் மரத்துக்கு 120 வீசை (சுமார் 200 கிலோ) வரை, ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, பிறகு குருத்தைத் துளைக்கும். களைக்கொல்லியை மரத்தடி வட்டத்தோடும் பாதையோடும் நிறுத்துங்கள். நடுவெளியில் பெரணி வளர்ந்தால் வளரட்டும்.

கேள்வி: சரிவில் புதிதாகப் படிப்படியாகத் தட்டு வெட்டிக் கன்று நட்டோம். முதல் மழைக்கே ஓடை செம்மண் குழம்பாக ஓடுகிறது.
- வாசகர், மெய்க்

பதில்: தட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், பாருங்கள். அது மலைப்பக்கமாக உள்ளே சாய வேண்டும். உள்ளே சேரும் நீர் நீளவாக்கில் ஓடி ஒரு மூலையில் உடைக்காமல் இருக்க, 20 மீட்டருக்கு ஒரு சிறு மண்தடை வையுங்கள். 25 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் தட்டும் காப்பாற்றாது. அங்கே செம்பனை வேண்டாம்.

கன்று நிழல் விரிக்கும் வரை, முதல் மூன்று வருடம்தான் மண் அதிகம் போகும். புவேராரியா, கலோபோகோனியம் போன்ற மூடுபயிரை மழை தொடங்குமுன் விதையுங்கள். புவேராரியா விதைத்தோல் கடினம். கை பொறுக்காத சூட்டு நீரில் போட்டு, இரவு முழுதும் ஊறவிட்டு விதைத்தால் ஒரே சீராக முளைக்கும். கொடி கன்றின் மேல் ஏறாமல் மாதம் ஒருமுறை வட்டத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

ஓடையின் இரு கரையிலும் குறைந்தது 5 மீட்டருக்கு இயற்கை மரங்கள் நிற்கட்டும். அகன்ற ஓடையென்றால் அதன் அகலம் அளவுக்கு விடுங்கள். இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில், புதிதாகக் காடு வெட்டிய தோட்டத்து ஓடைகள் காட்டோடையைவிடச் சுமார் 4 டிகிரி சூடாக இருந்தன. நிழல் போனால் சேற்றோடு சூடும் சேர்ந்து மீனை விரட்டும்.

கேள்வி: யூரியாவை மரத்தைச் சுற்றி வட்டமாகப் போடுகிறோம். சரிதானா?
- வாசகர், கோதாங்

பதில்: அந்த வட்டம்தான் மிதிபட்டு இறுகிய இடம். மழையில் உரம் வழிந்துவிடும்; வெயிலில் ஆவியாகிவிடும். உறிஞ்சும் வேர்கள் மேல் மண்ணில், மட்டை அடுக்கின் கீழ் திரண்டிருக்கும். அடுக்கின் ஓரமாகத் தூவுங்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை விட்டுவிட்டு, மே தொடக்கத்திலும் அக்டோபர் கடைசியிலும் மண் ஈரமாக இருக்கும்போது பிரித்துப் போடுங்கள். யூரியா மண்ணைப் புளிக்க வைக்கும். 1 கிலோவின் புளிப்பை ஆற்ற 0.8 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். நடுவில் ஒரு மாதமாவது விடுங்கள்.