மாடலை ஓட்டுறதுக்கு முன்னாடி டேட்டாவ தெறந்து பாருங்க

கேள்வி: சார், எம்.எஸ்சி பிராஜெக்டுக்கு 2015 டிசம்பர் 1 சென்னை மழைய டபிள்யூஆர்எஃப்ங்கிற வானிலை மாடல்ல ஓட்டி பாக்குறேன். அதுக்கு ஈஆர்ஏ5ங்கிற பழைய வானிலை டேட்டாவ நெட்சிடிஎஃப் ஃபார்மேட்ல எடுத்தேன், மாடலுக்காக டேட்டாவ படிச்சு குடுக்கிற அன்கிரிப் புரோகிராம் அத படிக்கவே மாட்டேங்குது. சீனியர் குடுத்த ஸ்கிரிப்ட வச்சு மாத்தினேன், டேட்டாவ மாடலோட கட்டங்களுக்கு பொருத்துற மெட்கிரிட் 'சக்ஸஸ்ஃபுல்'னு முடிஞ்சிருச்சு, ஆனா அடுத்த ஸ்டெப்ல பிரஷர் கன்னாபின்னான்னு வருது. எங்க தப்பு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மெட்கிரிட் 'சக்ஸஸ்ஃபுல்'னு சொன்னா ஃபைல எழுதி முடிச்சிட்டேன்னு மட்டும்தான் அர்த்தம், உள்ள இருக்கிற நம்பர் சரியான்னு எல்லாம் அது பாக்காது, அத நீங்கதான் பாக்கணும். அது எழுதின ஃபைல என்சிவியூங்கிற படம் போட்டு காட்டுற சாஃப்ட்வேர்ல தெறந்து 500 மில்லிபார் உயரத்த, அதாவது காத்தழுத்தம் 500 மில்லிபாரா கொறையற உயரத்த பாருங்க. நம்ம ஊர் பக்கம் 5,800 மீட்டர் சுமாருக்கு இருக்கணும். உங்களுக்கு அங்க 57 ஆயிரம்னு நிக்கும்னு நெனைக்கிறேன். ஏன்னா ஈஆர்ஏ5 குடுக்கறது உயரம் இல்ல, ஜியோபொட்டன்ஷியல், அதாவது உயரத்த புவியீர்ப்பால பெருக்கின நம்பர், அத 9.8 சொச்சத்தால வகுத்தாதான் மீட்டர்ல வரும். கிரிப்ங்கிற ஃபார்மேட்ல ஃபைல் இருந்து, அதுல எது எந்த டேட்டான்னு அன்கிரிப்புக்கு சொல்ற ஈசிஎம்டபிள்யூஎஃப் வீடேபிள் (ஈஆர்ஏ5 தயாரிக்கிற ஐரோப்பிய மையத்து டேட்டாவுக்கான பட்டியல்) போட்டிருந்தா அன்கிரிப்பே வகுத்துக்கும், சொந்த ஸ்கிரிப்ட்ல போனா அந்த வேலை உங்க தலையில.

என்ன கேட்டா ஸ்கிரிப்ட நோண்டிட்டு இருக்காதீங்க, கிரிப்லயே திரும்ப எடுங்க. எடுக்கும்போது பிரஷர் லெவல் ஒண்ணு, சர்ஃபேஸ் ஒண்ணுன்னு ரெண்டு டவுன்லோட். சர்ஃபேஸ்ல மண்ணு டெம்பரேச்சர், மண்ணு ஈரம் நாலு லேயரும், எது நிலம் எது கடல்னு சொல்ற லேண்ட் சீ மாஸ்க்கும் மறக்காம டிக் பண்ணுங்க. அப்புறம் ஏரியா. தமிழ்நாட்ட மட்டும் வெட்டி எடுக்கிற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு, டவுன்லோட் சீக்கிரம் முடியும்தான், ஆனா அன்னைக்கு மழைய குடுத்த தாழ்வு நிலை இருந்தது இலங்கைய ஒட்டின தென்மேற்கு வங்கக்கடல்ல, அத விட்டுட்டு மழை மட்டும் எங்கேர்ந்து வரும்? வடக்கு 25, மேற்கு 65, தெற்கு 0, கிழக்கு 95ன்னு தாராளமா எடுங்க. ஈஆர்ஏ5 டவுன்லோட் பண்ற கோபர்னிகஸ் சைட்ல இதே வரிசையிலதான் கேப்பாங்க, மாத்தி போட்டுடாதீங்க.

கடல் வெப்பநிலையையும் ஒரு தடவ பாத்துடுங்க. ஈஆர்ஏ5 கட்டம் ஒண்ணு கிட்டத்தட்ட 31 கிலோமீட்டர், நீங்க 3 கிலோமீட்டர்ல ஓட்டினா மெரினாவ ஒட்டி மாடல் கடல்னு நெனைக்கிற எடம் ஈஆர்ஏ5ல நிலமா இருக்கும், அங்க கடல் வெப்பநிலைக்கு டேட்டாவே கெடையாது. மாஸ்க் சரியா இருந்தா மெட்கிரிட் பக்கத்து கடல்லேர்ந்து எடுத்து நிரப்பிக்கும். டிசம்பர் ஆரம்பத்துல வங்கக்கடல் 300 கெல்வின்ன ஒட்டி இருக்கணும், கரையோரம் பூஜ்யமோ பிரம்மாண்ட மைனஸ் நம்பரோ தெரிஞ்சா அங்கயே நிறுத்திடுங்க. செம்பரம்பாக்கம் மாதிரி ஏரிங்களுக்கு கடல் டேட்டா சரிப்படாது, அதுக்குன்னே டபிள்யூபிஎஸ்ல (அன்கிரிப், மெட்கிரிட் எல்லாம் இருக்கிற பேக்கேஜ்) தரைய ஒட்டின காத்தோட சராசரி வெப்பநிலைய எடுக்கிற சின்ன புரோகிராம் ஒண்ணு இருக்கு, முழு முழு நாளா டேட்டா குடுத்தா போதும்.

கேள்வி: எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் டேட்டா எடுக்கணும்? தாம்பரம் 49 செ.மீ.ன்னு போட்டிருக்காங்களே, அத மாடலோட ஒப்பிட முடியுமா?
– அதே வாசகர்

பதில்: முடியும், ஆனா அந்த 49 டிசம்பர் 1 காலை 8.30லேர்ந்து 2ஆம் தேதி காலை 8.30 வரைக்கும் பெஞ்சது. மாடல் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துல ஓடுது, அது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி, 8.30ன்னா அதுக்கு 03 மணி. 00லேர்ந்து 00 வரைக்கும் கூட்டி வச்சுக்கிட்டு மாடல் மோசம்னு திட்டக்கூடாது. நவம்பர் 30, 00 மணிக்கே ஆரம்பிச்சா மாடல் கொஞ்சம் சூடு பிடிக்க நேரம் கெடைக்கும், முடிவு 2ஆம் தேதி 03 தாண்டி இருக்கட்டும். மணிக்கொரு டேட்டான்னா நேம்லிஸ்ட்ங்கிற செட்டிங்ஸ் ஃபைல்ல இன்டர்வல் 3600 செகண்ட், ஆறு மணிக்கொண்ணுன்னா 21600, அப்போ கடைசி ஃபைல் 06 மணியோடது கண்டிப்பா வேணும்.