ஒன்பதில் இரண்டு பங்கு

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்கள் கைமாறியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அம்மா முப்பத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். நாங்கள் குடியிருந்த தோட்டத்தை விற்றபோது மலிவு விலை வீடு ஒன்று வாங்கினோம். வீடு அப்பா பெயரில். அம்மா ஐம்பத்தைந்து வயதில் எடுத்த சேமநிதிப் பணம் முழுக்க அதில்தான் போனது. அப்பா போன வருடம் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். அண்ணன், நான், தங்கை என்று பிள்ளைகள் மூவர். நில அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டைத் தன் பெயருக்கு விட்டுவிடச் சொல்கிறார் அண்ணன். “பொம்பளப் பிள்ளைகளுக்கு நகை போட்டாச்சு, வீடு அவனுக்கு” என்கிறார் அம்மா. இந்தியாவில் மகள்களுக்குச் சமபங்கு உண்டாமே, இங்கே உண்டா? பெண்களுக்குத் தேசியக் கொள்கை இருந்து என்ன பயன்?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணக்கு. வீட்டை ஒன்பது பங்காக வையுங்கள். அம்மாவுக்கு மூன்று. அண்ணனுக்கு இரண்டு, உங்களுக்கு இரண்டு, தங்கைக்கு இரண்டு. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் இப்படித்தான் பிரிக்கிறது. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இதுதான் சட்டம். இதில் பிள்ளை என்றால் பிள்ளைதான், ஆண் பெண் என்ற பேச்சே கிடையாது. தமிழ்நாட்டில் 1989இல், இந்தியா முழுவதும் 2005இல்தான் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கு மகன்களோடு சம உரிமை வந்தது. அந்தச் செய்தி நம் ஊர் வரை வந்து சேர்ந்துவிட்டது. நம் காலடியில் 1958 முதல் கிடக்கும் சட்டத்தை நமக்கு யாரும் சொல்லவில்லை. தோட்டத்தில் யார் வந்து சொல்லியிருப்பார்கள்?

மனைவிகளின் கதை வேறு. மனைவி இறந்தால் அவள் சொத்து முழுவதும் கணவனுக்கு, கணவன் இறந்தால் பிள்ளைகள் உள்ள மனைவிக்கு மூன்றில் ஒன்று என்று அதே சட்டத்தில் நீண்ட காலம் இருந்தது. 1997 திருத்தம்தான் இருவரையும் சமமாக்கியது. 2001இல் அரசியலமைப்பின் 8ஆவது பிரிவில் ‘பால்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். சொத்து வாங்குவது, வைத்திருப்பது, கைமாற்றுவது தொடர்பான சட்டங்களை நடைமுறைப்படுத்துவதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்று அது சொல்கிறது. ஆக, தாளில் பெரிய குறை இல்லை.

குறை அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. எனக்கு இது வெளியாள் சங்கதி அல்ல. 2009இல் என் அப்பா இறந்தபோது இரண்டு அக்காமாரும் பேருந்தேறி வந்து, நில அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்து, எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முழு மனதோடுதானா என்று அதிகாரி கேட்டார். தலையாட்டினார்கள். நான் கேட்கவே இல்லை. ‘நகை போட்டாச்சு’ என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். மூத்த அக்காவின் நகை அதற்குள் அடகுக் கடையில் மூழ்கிப் பல வருடம். அவர் இன்றும் வாடகை வீட்டில் இருக்கிறார். என் கிராண்டை, அந்த நிலப் பட்டாவை, எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று நாற்காலிகள் நினைவுக்கு வருகின்றன.

அப்புறம், கொள்கை பற்றிக் கேட்டீர்கள். பெண்களுக்கான தேசியக் கொள்கை 1989இல் வந்தது. அதைச் சும்மா வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பெண்களுக்குக் கொள்கை தேவைப்படும் இடம், வீட்டு விண்ணப்பப் பாரத்தில் பெயர் எழுதும் அந்த ஒரு நிமிடம். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய், தனக்கான மர வரிசையான நிரையைப் பிடித்து, மங்குக் கிண்ணங்களில் பால் சேர்த்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்து வீடு கொடுக்கும்போது மட்டும் ‘குடும்பத் தலைவர் பெயர்’ என்று கேட்கிறார்கள். நான் பார்த்த குடும்பங்களில் அங்கே எழுதியது பெரும்பாலும் கணவன் பெயர்தான். உங்கள் அம்மாவின் பணத்தில் வாங்கிய வீட்டில் அவர் இன்று மூன்றில் ஒரு பங்குக்காரர் ஆனது அந்த ஒரு வரியால்.

இதை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால், நிலமற்றவர்களைக் குடியமர்த்திய அரசுத் திட்டமான பெல்டாவைக் காட்டுங்கள். அங்கேயும் நிலம் பெரும்பாலும் கணவன் பெயரில்தான் இருந்தது. 1960ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டத்தை 2002இல் திருத்தி, மனைவியும் விவாகரத்தான மனைவியும்கூட இணை உரிமையாளராக வழி செய்தார்கள். தோட்டத்து மக்களுக்கு வீடு தரும் ஒவ்வொரு திட்டத்திலும் அதே போல இரண்டு பெயர் கட்டாயம் என்று எழுதிவிடலாம். நான் கேட்பது அவ்வளவுதான். நம் ஊர் வேட்பாளர்கள் அடுத்த முறை கோயிலுக்கு வரும்போது இதைக் கேளுங்கள்.

ஒன்றைச் சரிபாருங்கள். அம்மாவின் திருமணம் 1982 மார்ச் 1க்கு முன் கோயிலில் நடந்தது என்றால் கவலை இல்லை. அதற்குப் பிறகு என்றால் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் போய், மனைவி என்ற பங்கையே இழந்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அண்ணனோடு சண்டை வேண்டாம். அவர் அதே வீட்டில் இருக்கட்டும். கிராண்டில் நான்கு பெயரும் பங்கோடு ஏறினால் யாரும் யாரையும் வெளியே அனுப்பப் போவதில்லை. விசாரணைத் தேதி வந்ததும் இறப்புச் சான்றிதழ், கிராண்ட், அடையாள அட்டைகள், அம்மாவின் திருமணப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். போகும் முன், அந்த ஒன்பது பங்குக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். அவர் பங்கு எவ்வளவு என்று இதுவரை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.