ஏழாவது ஃபிரேம் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நீங்கள் பல வருடங்களாக, பந்தை உருட்டிப் பின்களைச் சாய்க்கும் பௌலிங் லீக்கில் ஆடுகிறவர் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அதனால்தான் இதைக் கேட்கும் தைரியம் வந்தது.

நான் மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். மூன்று வருடமாக வியாழன் இரவு லீக்கில் ஆடுகிறேன். ஆவரேஜ் 168. இதுவரை என் அதிகபட்ச ஸ்கோர் 222. அதைத் தாண்ட வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை. வீட்டில் சொன்னால் "இதுக்குப் போயா இவ்வளவு கவலை" என்கிறார்கள்.

போன வாரம் இரண்டாவது கேமில் முதல் ஆறு ஃபிரேமும் ஸ்ட்ரைக். என் வாழ்க்கையில் இது முதல் தடவை. டீமில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து லேன்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஏழாவதில் 4, 7, 10 என்ற எண்ணுள்ள மூன்று பின்னும் நடுவில் இடைவெளி விட்டு நின்று ஸ்ப்ளிட் ஆனது, ஒன்றைத்தான் எடுத்தேன். எட்டாவதில் இன்னும் வேகமாக விட்டேன். ஆறு, அப்புறம் இரண்டு. ஒன்பதாவதில் எப்படியோ ஸ்பேர். பத்தாவதில் எட்டும் ஒன்றும். மொத்தம் 208.

எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்கிறார் எங்கள் கேப்டன். மூன்று கேமும் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி? தியானம், யோகா ஏதாவது உதவுமா? இன்னொன்று, அடுத்த மாதத்திலிருந்து என்னைக் கடைசி ஆளாக, ஆங்கராக, ஆடச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, நேற்றுச் செய்ததைவிட இன்று ஒரு படி நன்றாகச் செய்ய வேண்டும் என்று ஒருவர் நினைப்பது நல்ல ஆசை. அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஸ்கோரை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நீங்களும் எழுதிப் பாருங்கள். இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கேமுக்குப் பத்து ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் பத்துப் பின்னை வீழ்த்த இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். அதற்குப் பத்தோடு அடுத்த இரண்டு பந்தில் விழுவதும் சேரும். இரண்டாவது பந்தில் மிச்சத்தை எடுத்தால் ஸ்பேர். அதற்கு அடுத்த ஒரு பந்து சேரும். பத்தாவது ஃபிரேமில் ஸ்ட்ரைக்கோ ஸ்பேரோ போட்டால் மட்டும் மொத்தம் மூன்று பந்து. அதனால் பன்னிரண்டு ஸ்ட்ரைக் தொடர்ந்து போட்டால் 300.

ஆறு ஸ்ட்ரைக் போட்டு ஏழாவதற்கு நீங்கள் எழுந்தபோது மனதில் எந்த எண் இருந்தது? 300ஆகத்தான் இருந்திருக்கும். அந்த இடத்தில் யாருக்கும் அதுதான் இருக்கும். ஆனால் உங்கள் 222ஐத் தாண்ட அதற்குப் பிறகு ஒரு ஸ்ட்ரைக்கூடத் தேவைப்படவில்லை. மிச்சமிருந்த நான்கு ஃபிரேமிலும் முதல் பந்தில் ஒன்பது, அடுத்த பந்தில் அந்த ஒற்றைப் பின், பத்தாவது ஃபிரேமின் கடைசிப் பந்தில் ஒரு ஒன்பது, இவ்வளவு போதும். கூட்டிப் பாருங்கள், 245 வரும். உங்கள் பழைய ஸ்கோரைவிட 23 அதிகம். நீங்கள் வாரா வாரம் சாதாரணமாகச் செய்கிற வேலையை நான்கு தடவை செய்திருந்தால் உங்கள் ஆசை அன்றே நிறைவேறியிருக்கும். 300 என்ற எண் வந்து உட்கார்ந்ததும் அந்த எளிய வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அடுத்து, அந்த 4-7-10. நீங்கள் வலக்கைக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் பந்து 1ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவில் போகாமல், எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் 1ஆம் பின்னில், அதாவது தலைப்பின்னிலேயே, தடித்து மோதியிருக்கிறது. உங்கள் கேப்டன் இதை மனக்கட்டுப்பாடு என்கிறார். எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகப் படவில்லை.

லேனில், அதாவது பந்து உருளும் பலகைப் பாதையில், எண்ணெய் பூசியிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரண லீக் இரவில் ஏறக்குறைய முதல் நாற்பது அடிக்கு, நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் இருக்கும். எட்டுப் பத்துப் பேர் ஒரே ஜோடி லேனில் மாறி மாறி, அநேகமாக ஒரே தடத்தில் பந்து விடுகிறீர்கள். ஒவ்வொரு பந்தும் அந்த எண்ணெயைக் கொஞ்சம் துடைத்து எடுத்துக்கொண்டு போகும். இரண்டாவது கேமின் பிற்பகுதிக்குள் அந்தத் தடம் காய்ந்துவிடும். காய்ந்த பலகையில் பந்து சீக்கிரமே பிடித்துத் திரும்பும், தலைப்பின்னில் போய் நிற்கும். ஏழாவது ஃபிரேமில் உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எண்ணெய் இந்த ஆட்டத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய வழக்கே இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று கலிஃபோர்னியாவின் லா ஹாப்ராவில் கிளென் ஆலிசன் லீக்கில் மூன்று கேமும் 300 போட்டார். அன்றைய லேனின் எண்ணெய் விதிப்படி இல்லை என்று சொல்லி அந்த 900ஐப் பௌலிங் சங்கம் அங்கீகரிக்க மறுத்துவிட்டது.

சரி, தவறு லேனிலா கையிலா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏனென்றால் கை இறுகினாலும் இதே விளைவுதான். பந்தை அழுத்திப் பிடித்தால் கை தானாக ஊசலாடாது. நீங்கள் இழுத்து விடுவீர்கள். பந்து குறிக்கு இடப்பக்கம் போய்த் தலைப்பின்னில் மோதும்.

ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பந்து எந்தப் பலகையைத் தாண்டிப் போனது?

லேனில் பக்கம் பக்கமாக 39 பலகை. பந்து விடும் கோட்டிலிருந்து சுமார் பதினைந்து அடியில் ஏழு அம்புக்குறி, ஐந்து பலகைக்கு ஒன்றாக. தலைப்பின் இருப்பது அறுபது அடியில். நீங்கள் இரண்டாவது அம்பை, அதாவது பத்தாவது பலகையைக் குறிவைத்தீர்கள், பந்தும் பத்தாவது பலகையைத்தான் தாண்டியது, ஆனாலும் தலைப்பின்னில் மோதியது என்றால் உங்கள் கையும் மனமும் சரியாகவே வேலை செய்திருக்கின்றன, லேன்தான் மாறிவிட்டது. காலை இரண்டு பலகை, குறியை ஒரு பலகை இடப்பக்கம் நகர்த்தினால் போதும். பந்து எட்டிலோ பன்னிரண்டிலோ போயிருந்தால் தவறு கையில். எட்டாவது ஃபிரேமில் நீங்கள் செய்ததுபோல வேகத்தைக் கூட்டுவது இரண்டுக்குமே மருந்து இல்லை.

பந்து எந்தப் பலகையில் போனது என்றே தெரியவில்லை என்றால்? அப்போதுதான் கவனம் சிதறியிருக்கிறது. கண் அம்பை விட்டுவிட்டுப் பின்களுக்குப் போயிருக்கிறது, அல்லது கையை வேவு பார்த்திருக்கிறது, அல்லது மனம் மேலே தொங்கும் ஸ்கோர் திரையில் இருந்திருக்கிறது. பௌலிங்கில் கவனம் என்று நான் சொல்வது இதை மட்டும்தான். பந்து விட்டபின் அது தாண்டிய பலகையை உங்களால் சொல்ல முடிய வேண்டும். இதற்கு மேல் ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் இதை ஒரு கேம் முழுக்க ஒழுங்காகச் செய்கிறவர்கள் லீக்கில் மிகக் குறைவு.

சின்ன வயதில் கோலி ஆடியிருப்பீர்கள். விரலை வளைத்து இழுக்கும்போது விரலையா பார்த்தோம்? எதிரில் இருக்கும் கோலியைத்தானே. பழகிய கைக்குத் தன் வேலை தெரியும். கண்ணுக்கு ஒரு இடம் கொடுத்தால் போதும். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். கூடைப்பந்து ஃப்ரீ த்ரோவிலும் கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதிலும் தேர்ந்தவர்கள் அசைவைத் தொடங்குவதற்கு முன்பே பார்வையை ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள், மற்றவர்களைவிட அதிக நேரம் நிறுத்துகிறார்கள் என்று அவர் காட்டினார். உளவியலாளர் சியான் பெய்லாக்கின் ஆய்வுகள் இதன் மறுபக்கம். தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களைத் தங்கள் கை அசைவைக் கவனித்துக்கொண்டே ஆடச் சொன்னபோது அவர்கள் ஆட்டம் கெட்டது. "மணிக்கட்டு நேராக இருக்கிறதா, முழங்கால் மடங்குகிறதா" என்ற கேள்விகளுக்கெல்லாம் இடம் பயிற்சி நாள். லீக் இரவில் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

"மூன்று கேமும் கவனம் சிதறாமல்" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருக்கவே வேண்டாம், இருக்கவும் முடியாது. லீக் இரவு கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் போகும். அதில் நீங்கள் பந்தை எடுத்து விட்டு முடிப்பது ஒவ்வொரு தடவையும் இருபது விநாடி. மூன்று கேமையும் கூட்டினால் இருபது நிமிடம்கூடத் தேறாது. மிச்ச நேரமெல்லாம் மனதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அந்த இருபது விநாடி வரும்போது களைத்துப்போயிருப்பீர்கள். போன வாரம் உங்கள் டீமே மௌனமாகி உங்களைக் களைக்க வைத்திருக்கிறது. அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், அது லீக்கில் காலம்காலமாக இருக்கும் வழக்கம். இருந்தாலும் அடுத்த தடவை நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். சாப்பாடு, பிள்ளைகள், மிச்சிகன் பனி, எதுவானாலும் சரி. திரைக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

உங்கள் முறை வந்ததும் அந்த இருபது விநாடிக்குள் மட்டும் போங்கள். அதற்கு ஒரு வாசல் வேண்டும், தினமும் ஒரே மாதிரி. நான் செய்வதைச் சொல்கிறேன். துண்டை எடுத்துப் பந்தில் படிந்த எண்ணெய் வளையத்தைத் துடைப்பேன். வலது பக்கத்து லேனில் யாராவது ஏறியிருந்தால் அவர் முடிக்கும்வரை கீழேயே நிற்பேன். அப்புறம் ஏறி, இடது காலை அதன் பலகையில் வைத்து, கட்டை விரலின் பிடியைத் தளர்த்துவேன். பந்து நழுவிவிடுமோ என்று தோன்றும் அளவுக்குக்கூடத் தளர்த்தலாம்; பந்து விரலுக்குச் சரியாகத் துளைக்கப்பட்டிருந்தால் நழுவாது. மூச்சை முழுதாக வெளியே விடுவேன். கண் அம்புக்குப் போகும். அது அங்கே நின்றதும் கால் நகரும். தாமதிப்பதில்லை, ஏனென்றால் அங்கே கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு விநாடியும் யோசனைக்கு இடம் கொடுக்கும். பந்து அம்பைத் தாண்டும்வரை கண் நகரக் கூடாது. பின் விழும் சத்தம் காதுக்கு வரும், அது வரட்டும்.

யோசனைக்கு இடமே இல்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்று 2017இல் நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லாண்டில் பென் கெடோலா என்ற இளைஞர் காட்டினார். வரிசையாகப் பத்து லேனில் ஓடி ஓடிப் பந்து விட்டு 86.9 விநாடியில் 300 போட்டார். அப்படி ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. பழகிய உடம்புக்கு எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பந்து சரியான பலகையில் போவதுவரைதான் உங்கள் கையில் இருக்கிறது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2010 ஜனவரியில் டெக்சாஸின் பிளானோவில், உங்களைப்போலவே ஒரு லீக் இரவில், பில் ஃபாங் என்பவர் முதல் 35 பந்தும் ஸ்ட்ரைக் போட்டார். 300, 300, பிறகு மூன்றாவது கேமின் கடைசிப் பந்து. ஒன்பது விழுந்தது, பத்தாவது பின் நின்றது. மொத்தம் 899. அந்த ஒரு பின்னை வைத்து அவருக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? உங்கள் ஏழாவது ஃபிரேமை வைத்து உங்களைப் பற்றிக் கேப்டன் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. எட்டாவது ஃபிரேம் வேறு. அதில் கோபம் இருந்தது.

தியானமும் யோகாவும் உங்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள், உடம்புக்கு நல்லது. வியாழன் இரவுக்கு மேலே சொன்ன துண்டும் மூச்சும் போதும்.

ஆங்கர் விஷயம். இந்த சீசனில் வேண்டாம் என்று சொல்லுங்கள். பயந்து சொல்லாதீர்கள், காரணத்தோடு சொல்லுங்கள். கடைசி ஆளின் பத்தாவது ஃபிரேமில்தான் பல மேட்ச் முடிவாகும். அங்கே டீமுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு ஸ்பேர். கடைசி நான்கு ஃபிரேமில் உங்களுக்கு மூன்று ஸ்பேர் தவறியிருக்கிறது. 4-7-10ஐ விட்டுவிடலாம், அது யாருக்கும் கஷ்டம். பத்தாவதில் மிஞ்சிய இரண்டை, அது ஸ்ப்ளிட்டாக இல்லாத பட்சத்தில், எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது இடத்திலேயே ஆடுங்கள். வாரத்தில் ஒரு மதியம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், ஒரு சாதாரண பிளாஸ்டிக் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எண்ணெயைப் பிடிக்காது, நேராகப் போகும். இடப்பக்கம் தள்ளி நின்று குறுக்கே விட்டு, பத்தாவது பின்னை மட்டும் அடியுங்கள். முதல் பந்தையே அதற்கு விடுங்கள். மற்ற ஒன்பதையும் தொடாமல் அதை மட்டும் தட்டிவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் பலகை எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்துக்கு ஏழு விழ ஆரம்பித்ததும் நீங்களே கேப்டனிடம் போய் அந்தக் கடைசி இடத்தைக் கேளுங்கள்.

அன்புடன்.