நாணற்காட்டில் ஒரு முகமூடி

அன்புள்ள ஐயா,

பேய்ப்படங்களைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதுவதில்லை. சமீபத்தில் ஏதாவது பார்த்தீர்களா? இப்போது வரும் படங்களில் திடீர்ச் சத்தம் போட்டுத் தூக்கிவாரிப்போட வைக்கிறார்கள். தியேட்டரை விட்டு வெளியே வந்தால் மனதில் ஒன்றும் நிற்பதில்லை. வயதாகிவிட்டதால்தான் எனக்குப் பயம் போய்விட்டதா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்களைவிட மூத்தவனாகத்தான் இருப்பேன், போன வாரம் பார்த்த மூன்று பழைய படங்களும் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் பார்த்தது ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962). இயக்குநர் ஹெர்க் ஹார்வி அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தொழில்துறைக்கும் பள்ளிகளுக்கும் விளக்கப்படங்கள் எடுத்துவந்தவர். அவருடைய ஒரே கதைப்படம் இது. ஆற்றில் விழுந்த காரிலிருந்து ஒரு பெண் பிழைத்து வருகிறாள். ஒரு நாள் துணிக்கடையில் நிற்கும்போது உலகத்தின் ஒலி முழுக்க நின்றுபோகிறது. அவள் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை, அவளை யாரும் பார்ப்பதுமில்லை. நீங்கள் சத்தத்தைப் பற்றிச் சொன்னீர்களே, இங்கே அதை நிறுத்தியே பயமுறுத்துகிறார். நடிப்பு அங்கங்கே தட்டைதான். எனக்கு அது உறுத்தவில்லை.

அப்புறம் ‘ஒனிபாபா’ (1964), கனேத்தோ ஷிண்டோ இயக்கியது. பதினான்காம் நூற்றாண்டு ஜப்பான், உள்நாட்டுப் போர். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த நாணற்காட்டில் ஒரு மாமியாரும் மருமகளும். வழிதவறி வரும் வீரர்களைக் கொன்று, உடலை ஒரு குழியில் தள்ளிவிட்டு, கவசத்தை விற்றுத் தானியம் வாங்குகிறார்கள். பேய் கிடையாது, பசிதான். போரில் மகன் செத்த செய்தி வருகிறது. மருமகள் இரவில் பக்கத்துக் குடிசைக்காரனிடம் ஓட ஆரம்பிக்கிறாள். அவளும் போய்விட்டால் தனக்குச் சோறு ஏது என்ற பயத்தில் கிழவி அசுர முகமூடி மாட்டிக்கொண்டு வழிமறிக்கிறாள். மழையில் அந்த முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சுத்தியால் உடைத்துப் பிய்த்த பிறகு தெரிகிற அந்தப் புண் முகத்துக்கு அணுகுண்டில் வெந்தவர்களின் முகங்களை மனதில் வைத்திருந்ததாக ஷிண்டோ சொல்லியிருக்கிறார். அவர் ஹிரோஷிமா மாவட்டத்துக்காரர். தன்னைப் பேய் என்று நினைத்து ஓடும் மருமகளின் பின்னாலேயே, தான் மனுஷிதான் என்று கத்திக்கொண்டு கிழவி ஓடுகிறாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்றாவது ‘ஹவுஸ்’ (1977). இயக்குநர் நொபுஹிகோ ஒபாயாஷியும் அதே மாவட்டத்தில் பிறந்தவர். விளம்பரப் படங்களிலிருந்து வந்தவர். தன் சின்ன மகளிடம் எதற்கெல்லாம் பயம் என்று கேட்டுக்கேட்டுக் கதையில் சேர்த்திருக்கிறார். ஒருத்தியின் அத்தை வீட்டுக்கு விடுமுறைக்கு வரும் பள்ளி மாணவிகளில் ஒரு பெண்ணைப் பியானோ தின்கிறது! பாதி நேரம் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் அந்த வீட்டு அத்தை, போருக்குப் போய்த் திரும்பாதவனுக்காகக் காத்திருந்தவள். அவள் கதை பழைய ஊமைப்படம்போல ஓடும்போது அணுகுண்டுப் புகை எழுகிறது. அதைப் பார்த்து அந்த மாணவிகளில் ஒருத்தி பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கிறது என்கிறாள். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

மூன்றில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் ‘ஒனிபாபா’வைப் பாருங்கள். இரவில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. நாணல் உரசுகிற ஓசை காதில் விழ வேண்டும்.